இரண்டு தட்டுத் தட்டினால் வண்டி கிளம்பும்

எங்கள் கண்டக்டரை வீட்டுக்கு அழைத்தால் நாற்காலி தேடிச் சிரமப்படாதீர்கள். உட்கார மாட்டாள். வாசல் பக்கமாக, கை பிடிக்க ஒரு கம்பியோ கதவோ இருந்தால் அவளுக்குப் போதும். சாப்பாடு நின்றுகொண்டு, பேச்சு நின்றுகொண்டு, அழுகைகூட நின்றுகொண்டுதான். முப்பது வருஷம் டவுன் பஸ்ஸில் நின்ற கால். வேலை விட்டு ஆறு வருஷம் ஆகியும் வீட்டுக்குள் அடங்கவில்லை.

ஆள் ஈர்க்குச்சி, குரல் இரும்பு. பை தொங்கித் தொங்கி இடது தோள் ஒரு விரல்கடை இறங்கிப் போயிருக்கும். தையல்காரர் அவளுக்கு மட்டும் ரவிக்கையை இரண்டு தோளுக்கும் வேறு வேறு அளவில் தைப்பார்.

நான் அதே டிப்போவில் பஸ் கழுவினவள். எனக்கு எழுத்து தெரியாது, பஸ்ஸின் நம்பரைப் படிக்கவும் தெரியாது. பம்பரில் விழுந்த நெளிவு, கண்ணாடியில் ஓடும் கீறல், அதைப் பார்த்தே எந்த பஸ் என்று சொல்லிவிடுவேன். படித்த மேலாளர் நம்பரில் தப்பு விட்டிருக்கிறார். நான் நெளிவில் தப்பு விட்டதில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும் என் பேத்தி, இந்த இரண்டு வரியை எடுத்துவிடலாமா என்கிறாள். எடுக்கக் கூடாது.

கண்டக்டர் வேலைக்கு வந்தது இருபத்தாறு வயதில். பெயின்ட் அடிக்கிற புருஷன் ஏணியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு தப்பு நடந்தது. ஒரு தாய், கீழே விழுந்த மூட்டையை எடுக்க இறங்கியிருக்கிறாள். இவள் கவனிக்காமல் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டாள். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போ. பஸ் போய்விட்டது. தாய் ரோட்டில், குழந்தை பஸ்ஸுக்குள். மூன்று ஸ்டாப் வரைக்கும் அந்தக் குழந்தை கத்திய கத்தலை இவள் சாகிறவரைக்கும் மறக்க மாட்டாள்.

அன்றிலிருந்து எண்ணாமல் தட்டுவதில்லை. கண் பின் சீட்டிலிருந்து முன் சீட்டுக்கு ஒரு ஓட்டம் ஓடும், உதடு அசையும், அப்புறம்தான் கை தகரத்துக்குப் போகும். முப்பது வருஷத்தில் அதற்குப் பிறகு ஓர் ஆளை அவள் விட்டுவிட்டு வந்ததில்லை. இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கதவைப் பூட்டும் முன் எண்ணுவாள், சோறு போடும் முன் எண்ணுவாள். "நான் திரும்பிப் படுத்தாக்கூட ஒரு தடவை எண்ணிட்டுத்தான் தூங்குவா. பொண்டாட்டியா இது, வாட்ச்மேன்" என்பான் அவள் புருஷன். ஆனாலும் அவள் வேலையிலிருந்து வரும் நேரத்துக்கு, நொண்டிக்கொண்டாவது வாசலில் வந்து நிற்பான்.

அந்த முப்பதில் இருபத்திரண்டு வருஷம் அவளுக்கு ஒரே டிரைவர். அவளும் பெண்தான், இவளைவிட மூன்று வயது மூத்தவள். இவள் ஓட்டை வாய் என்றால் அவள் ஊமைக்கோட்டான். ஒரு நாளைக்கு ஒன்பது வார்த்தை பேசினால் அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்போம். ஒருத்தி முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, ஒருத்தி பின்னால் ஆட்களைப் பார்த்துக்கொண்டு. இருபத்திரண்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், வேலை நேரத்தில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தது குறைவு. அவர்கள் பேச்செல்லாம் அந்தத் தகரத்தில்தான். டொக் என்றால் ஒன்று, டொக் டொக் என்றால் இன்னொன்று.

டிரைவரின் புருஷன் இரண்டு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து அவள் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. வேலை விட்ட நாளிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டதும் இல்லை. லைசென்ஸை மட்டும் தவறாமல் புதுப்பித்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டால் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவாள்.

கண்டக்டருக்கு இது பொறுக்கவில்லை. ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு டிரைவர் வீட்டுச் சமையலறைக்குள் போய் நின்றாள்.

"அக்கா, கேம்பர் வேன் ஒண்ணு பதிவு பண்ணிட்டேன். எட்டு நாளைக்கு. உள்ளயே படுக்கை, அடுப்பு, தண்ணித் தொட்டி எல்லாம் இருக்கு. நீங்க, நான், பெரியக்கா, டைம்கீப்பர். நாலு பேரு."

பெரியக்கா என்றால் நான். டைம்கீப்பர் எங்கள் டிப்போவில் பஸ் போகும் நேரம், வரும் நேரம் குறித்தவள்.

"யாரைக் கேட்டுப் பண்ணின?" என்றாள் டிரைவர்.

"உங்களைக் கேட்டா வேண்டாம்னுவீங்க. அதான் கேக்கல."

"ஓட்டறது யாரு?"

"நீங்கதான். வேற யாருக்கு லைசென்ஸ் இருக்கு? பெரியக்காவுக்கா?"

"என்னால ஆகாதுடி. கை விட்டுப்போச்சு."

"விட்டா என்ன? பின்னாடி நான் இருக்கேன்ல. நான் தட்டறேன், நீங்க எடுங்க. அவ்வளவுதானே நம்ம பொழப்பு."

டிரைவர் ஏற்கெனவே கழுவித் துடைத்த டம்ளர் ஒன்றை எடுத்து மறுபடி துடைத்தாள். டம்ளர் தேய்ந்துபோகும் என்று எனக்கே கவலை வந்துவிட்டது. அப்புறம் கேட்டாள்:

"எத்தனை மணிக்கு வண்டியை எடுக்கணும்?"

வெளியே வந்ததும் கண்டக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியக்கா, இந்த ஒரு தடவை இவங்க வெளிய வந்துட்டாப் போதும். இது தப்பிச்சுன்னா அப்புறம் அந்தச் சமையல்கட்டை விட்டு வர மாட்டாங்க. எழுதி வெச்சுக்கோங்க."

"எனக்கா எழுதத் தெரியும்? நீயே எழுதி வெச்சுக்கோ" என்றேன்.

வேன் கிடைக்கிற இடம் ஒரு பெரிய நகரத்தின் ஓரத்தில் இருந்தது. ரயிலில் காலையில் போய் இறங்குவது, பகலெல்லாம் நகரத்தைச் சுற்றிப் பார்ப்பது, சாயங்காலம் ஐந்து மணிக்குள் வேனை வாங்கிக்கொண்டு கிளம்புவது என்று ஏற்பாடு. ஐந்துக்கு அந்த ஆபீஸைப் பூட்டிவிடுவார்கள். அதற்கு மேல் இரண்டு நாள் விடுமுறை. நேரத்துக்கு வராதவர்களின் வண்டி அடுத்த ஆளுக்குப் போய்விடும். இதை டைம்கீப்பர் ரயிலில் எங்களுக்கு ஆறு தடவை சொன்னாள்.

மூட்டை முடிச்சுகளை ஸ்டேஷனிலேயே வைத்துவிட்டு, ஸ்டேஷன் வாசலில் நின்ற சுற்றுலா பஸ்ஸில் ஏறினோம். இரண்டு அடுக்கு, மேலே கூரை கிடையாது. மொட்டைமாடியைச் சக்கரத்தில் வைத்த மாதிரி. ஸ்டேஷனில் கிளம்பி நகரத்தையே ஒரு வட்டமடித்துத் திரும்ப ஸ்டேஷனுக்கே வரும். அந்த வாசலில் மூக்கு உடைந்த ஒரு சிலை இருந்தது. அதை நான் மனதில் குறித்துக்கொண்டேன். எனக்கு ஊர் எல்லாம் இப்படித்தான்.

நகரம் நன்றாகத்தான் இருந்தது. பெரிய மணிக்கூண்டைப் பார்த்து எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். டைம்கீப்பர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மூணு நிமிஷம் லேட்டு. இவ்வளவு உசரம் கட்டி என்ன பிரயோசனம்?" என்றாள். ஒரு சதுக்கத்தில் தண்ணீர் பீய்ச்சுகிற குதிரைகள். ஒரு தெரு முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள், ஒன்றுக்குள் ஒன்று தெரிந்துகொண்டு நின்றன. அத்தனை கண்ணாடியையும் கழுவுகிறவர்களை நினைத்து எனக்குத் தோள் வலித்தது. எங்கள் டிரைவர் கட்டடம் எதையும் பார்க்கவில்லை. கீழ் அடுக்கில், அந்த பஸ் டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டு ரோட்டைப் பார்த்தாள். ஒரு குறுகிய வளைவில் அவன் திருப்பியபோது, "ம்" என்றாள். அது அவளிடம் பெரிய பாராட்டு.

கண்டக்டர் எங்கே இருந்திருப்பாள்? பின் கதவில்தான். ஒரு கையில் கம்பி. வெளிநாட்டுக்காரர், உள்நாட்டுக்காரர் என்று பார்க்கவில்லை. "படியில நிக்காதீங்க, உள்ள எடம் இருக்கு, முன்னாடி போங்க!" என்றாள். பாஷை தெரியாதவர்கள்கூடக் குரலைக் கேட்டு முன்னாடி போனார்கள். விளக்கம் சொல்வதற்கென்று வந்திருந்த பெண் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க உட்காருங்க. இதெல்லாம் என் வேலை."

"நீ உன் வேலையைப் பாரு கண்ணு. நான் சும்மாதான் நிக்கிறேன்."

மூன்று மணிக்கு ஒரு பாலத்துக்கு வந்தோம். கப்பல் வந்தால் நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கிக்கொள்ளும் பாலம் அது. பாலத்துக்கு இந்தப் பக்கம் பஸ்ஸைப் பத்து நிமிஷம் நிறுத்தினார்கள். முட்டி வலியால் நான் மேல் அடுக்கைவிட்டு இறங்கவில்லை. டைம்கீப்பரும் என்னோடு உட்கார்ந்து பத்து நிமிஷத்தையும் எண்ணிக்கொண்டிருந்தாள். கீழே இருந்தவர்கள் இறங்கினார்கள். பயணிகள் எல்லோரும் பின் கதவு வழியாக இறங்க, எங்கள் டிரைவர் மட்டும் முன் கதவு வழியாக இறங்கினாள். பின் கதவு வழியாக இறங்கி அவளுக்குப் பழக்கம் இல்லை.

மேலே இருந்து பார்த்தேன். அவள் கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு பாலத்தின் கைப்பிடி ஓரமாக நின்றாள். பாலத்தைத் தூக்கி இறக்குகிற ஆள் உட்காரும் சின்னக் கண்ணாடி அறையை, அதற்குள் இருந்த கைப்பிடிகளை, வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கீழே தகரத்தில் இரண்டு தட்டுக் கேட்டது. டொக் டொக்.

எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். ஆயிரம் தடவை கேட்ட சத்தம். அதனாலேயே ஒரு நொடி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விளக்கம் சொல்லும் பெண் மேல் அடுக்கில் எங்களோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் மணி அடித்தால்தான் பஸ் கிளம்ப வேண்டும். ஆனால் அந்த பஸ்ஸை ஓட்டினவனும் பழைய டவுன் பஸ் ஆள் போலிருக்கிறது. தட்டுக் கேட்டதும் கால் தானாக மிதித்துவிட்டது. பஸ் கிளம்பிவிட்டது.

"அடியேய், டிரைவர் ஏறலடி!" என்று கத்தினேன். மொட்டைமாடிக் காற்று என் குரலைப் பின்னால் அள்ளிக்கொண்டு போனது. பாலத்தில் நின்ற எங்கள் டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குடையும் அவளும் சின்னதாகிக்கொண்டே போனார்கள். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி விஷயத்தைச் சொல்வதற்குள் பஸ் பாலத்தைத் தாண்டிவிட்டது.

"இல்லையே, எண்ணினேனே" என்றாள் கண்டக்டர். "பின் கதவுல ஒம்பது பேரு எறங்கினாங்க, ஒம்பது பேரு ஏறிட்டாங்க. மேல நீங்க ரெண்டு பேரு. சரியாத்தானே இருந்துச்சு?"

"டிரைவர் எங்கடி?"

"டிரைவர் முன்னாடி..." என்று விரலை நீட்டினாள்.

விரல் அப்படியே காற்றில் நின்றது. முன்னால் ஓட்டும் சீட்டில் தொப்பி போட்ட ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். யாரோ ஓர் ஆள்.

ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். நிறுத்து என்று. ஆனால் வண்டி நெரிசலுக்குள் போய்விட்டது, நிறுத்த இடம் இல்லை. அடுத்த ஸ்டாப்பில்தான் இறங்க முடிந்தது. டிரைவரின் போனோ கண்டக்டரின் பைக்குள் இருந்தது. இடுப்பில் பிதுங்குகிறது என்று காலையிலேயே கொடுத்திருந்தாள்.

"மணி மூணு பதினெட்டு" என்றாள் டைம்கீப்பர்.

"உன் மணியைத் தூக்கி ஆத்துல போடு" என்றேன்.

"போடறேன். அஞ்சு மணிக்கு அப்புறம் போடறேன்" என்றாள் அவள். கோபமே படவில்லை. "வேன் பேப்பர் என்கிட்ட இருக்கு. நான் நேரா அந்த ஆபீஸுக்குப் போறேன். நீங்க ரெண்டு பேரும் போய் அவளைக் கூட்டிட்டு வாங்க. எப்படியாவது வண்டியைப் பிடிச்சு வைக்கிறேன்."

நாங்கள் இருவரும் வாடகைக் காரில் பாலத்துக்குத் திரும்பினோம். எங்கள் நேரம் பாருங்கள், அப்போதுதான் ஒரு கப்பல் வந்தது. கண்ணுக்கு முன்னால் ரோடு எழுந்து நின்றுகொண்டது. காரை விட்டு இறங்கிப் பார்த்தோம். தண்ணீருக்கு அந்தப் பக்கம், கைப்பிடி ஓரத்தில், கறுப்புக் குடையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். பாலம் எழுவதைத் தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்டக்டர் இரண்டு கையையும் ஆட்டினாள். "அக்கா! அங்கயே நில்லுங்க! அக்கா!" டிப்போவையே எழுப்புகிற குரல் அது. ஆற்றுக்கு நடுவில் கப்பல் ஊதிய ஊதலில் கரைந்துபோனது. கப்பல் மெதுவாக, யாருக்கும் ஒன்றும் ஆகாத மாதிரி, எங்களுக்கும் அவளுக்கும் நடுவே ஊர்ந்து போனது. அது போய் முடித்து, ரோடு இறங்கி, கார் மறுபக்கம் போய்ச் சேர்ந்தபோது கைப்பிடி ஓரத்தில் யாரும் இல்லை.

ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு பத்திரிகைக் கடை. கடைக்காரர், "குடை வெச்சிருந்த அம்மாவா? இப்பத்தான் பஸ்ஸைத் தேடினாங்க. அப்புறம் அந்தப் பக்கமா நடந்து போனாங்க" என்று கை காட்டினார். காட்டியது பஸ் போன பக்கம் இல்லை, வந்த பக்கம்.

"பின்னாடி ஏன் போனாங்க?" கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "பஸ்ஸை விட்ட ஆளு ஒண்ணு அங்கயே நிக்கும், இல்ல பஸ் போன பக்கம் ஓடும். முப்பது வருஷமா பார்த்திருக்கேன். பின்னாடி போற ஆளை நான் பார்த்ததே இல்ல பெரியக்கா."

சொல்லிவிட்டு அந்த ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் பயந்துபோனேன். கார் மாதிரி வேறு வழியில்லாத இடம் தவிர, அவள் தானாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பேயறைந்த மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறுபடி விட்டுட்டேன் பெரியக்கா. அதுவும் யாரை?"

அவளுக்கு ஆறுதல் சொல்ல அப்போது நேரம் இல்லை. எனக்கு ஒரு விஷயம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"அடியே, நீ பாசஞ்சரைத் தேடற. அவ பாசஞ்சரா? வண்டி எங்க சுத்தினாலும் கடைசில எங்க வரும்? என்கிட்ட வரும். ராத்திரி எத்தனை பஸ் கழுவியிருக்கேன், ஒரு பஸ்ஸாவது ஷெட்டுக்கு வராமப் போயிருக்கா? டிரைவருக்கு அது தெரியும். ஸ்டேஷன் வாசலுக்குத்தான் போயிருப்பா. எழுந்திரு."

"அவ்வளவு தூரம் வழி தெரியுமா அவங்களுக்கு?"

"காலைலேர்ந்து ரோட்டைத் தவிர வேற எதைப் பார்த்தா அவ?"

மூக்கு உடைந்த சிலை என்று சொன்னேன், கார்க்காரனுக்குப் புரிந்தது. பாலத்து நெரிசலில் கார் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் நாலு மணி தாண்டிவிட்டது. சிலைக்குப் பின்னால், அந்தச் சுற்றுலா பஸ்காரர்கள் உட்காருவதற்கு ஓர் அறை. உள்ளே நீளமான மேஜை, சுவரில் சாவிகள், டீ வாசனை. மேஜையைச் சுற்றி நாலு டிரைவர்கள். நடுவில் எங்கள் டிரைவர். பிஸ்கட்டுகளை வரிசையாக அடுக்கி அதைத் தெரு என்று வைத்துக்கொண்டு, ஒரு தீப்பெட்டியைப் பின்பக்கமாக நகர்த்தி, நீளமான பஸ்ஸைச் சந்துக்குள் எப்படித் திருப்புவது என்று காட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது வார்த்தையை அவள் எப்போதோ தாண்டிவிட்டாள் என்று தெரிந்தது.

அவளை விட்டுவிட்டு வந்த அந்த டிரைவரும் வட்டத்தை முடித்து வந்து அங்கேதான் நின்றான். "தட்டுச் சத்தம் கேட்டுச்சும்மா, எடுத்துட்டேன்" என்றான்.

"தட்டினா எடுக்கணும். உன் மேல தப்பில்ல" என்றாள் அவள்.

கண்டக்டர் கதவோரமே நின்றாள். "அக்கா."

"வந்துட்டியா." தீப்பெட்டியைக் கீழே வைத்தாள். "எத்தனை பேரை எண்ணின?"

"பின் கதவுல ஒம்பது, மேல ரெண்டு."

"நான்?"

"உங்களை நான் எண்ணலக்கா."

"மறந்துட்டியா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இவளுக்கு அது வராது.

"இன்னிக்கு மட்டும் இல்லக்கா. என்னிக்குமே எண்ணினதில்ல. இருபத்திரண்டு வருஷமா. வண்டி நகருதுன்னா நீங்க இருக்கீங்கன்னுதானே அர்த்தம்? அதுக்கு எதுக்கு எண்ணணும்னு..."

சுற்றி இருந்த டிரைவர்களில் ஒருவன் கையில் இருந்த பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுவும் சரிதான்" என்றாள் டிரைவர். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சிரிக்கவில்லை.

ஸ்டேஷனில் மூட்டைகளை எடுத்துக்கொண்டு காரில் ஏறினோம். கண்டக்டரின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று. பாதி வழியில் டிரைவர் சொன்னாள்:

"வேன் வேண்டாம்னு சொல்லிடலாம்."

"அக்கா, என் மேல கோவம்னா..."

"உன் மேல என்ன கோவம்? எனக்குப் பின்னாடி நின்ன பஸ் கிளம்பிப் போச்சு. அந்தச் சத்தம்கூட எனக்குக் கேக்கல. அப்படி நின்னவ உங்க மூணு பேரு உசுரை வெச்சு ஓட்டணுமா? கை விட்டுப்போச்சுன்னு அன்னிக்கே சொன்னேன்."

கண்டக்டர் மறுபடி எண்ண ஆரம்பித்துவிட்டாள். அதனால் நான்தான் பேச வேண்டியிருந்தது.

"ஓட்டு, ஓட்டாமப் போ. ஆனா வந்து பாரு. நாள் பூரா ஊர்ல இருக்கற கல்லையும் கண்ணாடியையும் பார்த்தோம். நம்ம வண்டியைப் பார்க்காமப் போனா எப்படி? நான் விட மாட்டேன்."

வேன் ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது ஐந்து அடித்து ஏழு நிமிஷம். ஆனால் கதவு பூட்டவில்லை. பூட்ட விட்டால்தானே? ஆபீஸ்காரர் வெள்ளை வேன் ஒன்றின் பின்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். சட்டை முதுகெல்லாம் வேர்வை.

"அம்மா, இதோட நாலு தடவை சொல்லிட்டேன். தண்ணித் தொட்டிக் குழாய் இது. அழுக்குத் தண்ணிக் குழாய் அது."

"வயசாச்சு தம்பி, மண்டையில நிக்க மாட்டேங்குது" என்றாள் டைம்கீப்பர். ஐம்பது பஸ்ஸின் நேரத்தை மனப்பாடமாகச் சொல்கிறவள். "இதை எந்தப் பக்கம் திருப்பணும்னு சொன்னீங்க?" எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்து, "சரி, புரிஞ்சுடுச்சு" என்றாள்.

ஆபீஸ்காரர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "யாரு ஓட்டப் போறீங்க?"

டிரைவர் வேனைப் பார்த்தாள். அப்புறம் அதைச் சுற்றி நடந்தாள். முன் சக்கரத்தைக் காலால் ஓர் உதை. குனிந்து அடியில் பார்த்தாள். எண்ணெய் ஒழுகுகிறதா என்று தரையைத் தொட்டு விரலை மோந்தாள். பின் சக்கரத்துக்கு ஓர் உதை. பக்கக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள்.

நான் கண்டக்டரை இடித்தேன். தினமும் காலையில் நான் கழுவி நிறுத்திய பஸ்ஸை அவள் இப்படித்தான் சுற்றுவாள். ஓட்டப்போகாத வண்டியின் கண்ணாடியை எந்த டிரைவரும் திருப்ப மாட்டாள்.

டிரைவர் கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"எல்லாரும் உட்கார்ந்து பெல்ட் போடணும். ஓடற வண்டியில யாரும் நிக்கக் கூடாது" என்றார் ஆபீஸ்காரர். எங்கள் கண்டக்டர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் பின் பெஞ்சில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தப்புச் செய்த கையை மறைத்து வைக்கிற மாதிரி.

டிரைவர் ஏறினாள். சாவியைத் திருப்பினாள். இன்ஜின் ஓடியது. வண்டி நகரவில்லை. ஒரு நிமிஷம் போயிருக்கும்.

"என்னடி?" முன்னாலிருந்து குரல்.

"என்னக்கா?"

"எத்தனை நேரம் இன்ஜினைச் சும்மா ஓட விடறது?"

"நான் இனிமே தட்ட மாட்டேன்க்கா."

"நீ தட்டாம நான் என்னிக்கு எடுத்திருக்கேன்?"

"மணி அஞ்சு இருபத்திரண்டு" என்றாள் டைம்கீப்பர், பொதுவாக.

கண்டக்டர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தாள். மேலே இருந்த அலமாரியில் தலை இடித்தது. அதைக்கூடத் தடவிக்கொள்ளவில்லை. டைம்கீப்பரின் தலையைத் தொட்டு, "ஒண்ணு" என்றாள். என் தலையைத் தொட்டு, "ரெண்டு." முன் சீட்டுகளுக்கு நடுவே குனிந்து போய், டிரைவரின் தோளில் கையை வைத்தாள். "மூணு" என்றாள். வைத்த கையை எடுக்கவில்லை. டிரைவரும் தோளை அசைக்கவில்லை.

"அப்புறம்?" என்றாள் டிரைவர், கண்ணாடியைப் பார்த்தபடி.

"அவ்வளவுதான்."

"உன்னை யாரு எண்ணறது?"

அது எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை. "நான் எண்ணறேன்" என்றேன். "நாலு. போகலாம்."

கண்டக்டர் பெஞ்சுக்குத் திரும்பி வந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, பக்கச் சுவரில் தட்டினாள். சுவருக்கு உள்ளே மெத்தை மாதிரி ஏதோ வைத்துத் தைத்திருந்தார்கள். பொத் பொத் என்றது.

"கேக்கல" என்றாள் டிரைவர்.

மேஜையில் தட்டினாள். அது பிளாஸ்டிக்.

"கேக்கல."

"வேணும்னே சொல்றீங்களா?"

"இன்ஜின் சத்தத்துல கேக்கலடி. நல்லாத் தட்டு."

கண்டக்டர் சுற்றிலும் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில், எட்டும் தூரத்தில், டீ போடும் கெட்டில் ஒன்று மாட்டியிருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கரண்டியால் அடித்தாள்.

டங் டங்.

வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல், தண்ணீரில் விட்ட காகிதக் கப்பல் மாதிரி நகர்ந்தது. வாசலில் நின்ற ஆபீஸ்காரர் தன் கெட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எட்டு நாளும் கண்டக்டர் அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் வந்தாள். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் எண்ணினாள். ஆனால் முன்பக்கத்திலிருந்து தொடங்கினாள், டிரைவர்தான் ஒன்று. கடைசியாக நான் அவளை எண்ணுவேன். ஊருக்குத் திரும்பி வந்ததும் பழையபடி நின்றுவிட்டாள். போன வாரம் என் வீட்டுக்கு வந்தாள், கூடவே டிரைவரும் வந்தாள். டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். இவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்து எந்த ஊருக்கு என்று டிரைவர்தான் பேச்சை எடுத்தாள்.

கெட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் வயிற்றில் ஒரு நெளிவு விழுந்திருந்தது. எங்களுக்குப் பிறகு அந்த வேனை எடுத்தவர்கள் இது எப்படி வந்தது என்று யோசித்திருப்பார்கள். அதே மாதிரி வெள்ளை வேன் நூறு நிறுத்திவைத்தாலும் எங்கள் வேன் எது என்று நான் சொல்லிவிடுவேன். நம்பர் எதற்கு?